முப்பத்தெட்டு வயதில் பிறந்தவள்

அவள் பிறந்தது ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு. பிறக்கும்போதே அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பெற்றவள் நான். பிரசவ அறை, எங்கள் வீட்டு ஜன்னலோர மேஜை.

இப்படி ஆரம்பித்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பீர்கள். நினையுங்கள். நானே சில மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் என் கணவரும் மிஷனெரிகள். எங்கள் சபை எங்களை இந்தத் துறைமுக ஊருக்கு அனுப்பி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வருடத்தில் பாதி நாள் மூடுபனி. தெருவில் போகிறவரின் தொப்பி தெரியும், முகம் தெரியாது. எங்கள் வீடு ஒரு சலவைக்கூடத்துக்கு மேலே. ஆஸ்பத்திரி, ஓட்டல், கப்பல் என்று ஊரில் உள்ள படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். கீழே இயந்திரங்கள் ஓடும்போது எங்கள் பலகைத் தரை மெல்ல அதிரும், வெதுவெதுப்பாக இருக்கும். மதியம் சற்றே சாய்ந்தால் ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் முதுகில் படுத்திருப்பது போலத் தோன்றும். நல்ல மிருகம். சோப்பு வாசனை அடிக்கும் மிருகம்.

அவர் காலையில் துறைமுகத்துக்குப் போவார். மாலுமிகளோடு பேசுவார், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறைதான் சபை. எட்டு நாற்காலி. வருகிறவர்கள் மாலுமிகள், அடுத்த ஞாயிறு அவர்கள் வேறு கடலில் இருப்பார்கள். நிலையாக வந்தவர் ஒரே ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர். அவரும் மகள் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். பிறகு எட்டு நாற்காலியும் நாங்களும்தான்.

எங்கள் மிஷன் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. மாதா மாதம் எங்களை அனுப்பிய ஊர்ச் சபைக்கு ஜெபக் கடிதம் போக வேண்டும். முதல் பாதி நன்றி, இரண்டாம் பாதி விண்ணப்பம். நன்றியில் குறைந்தது ஒரு ஆளாவது வேண்டும். "ஆள் இல்லாத ஸ்தோத்திரத்துக்குச் சபையார் கை தூக்க மாட்டார்கள்" என்று செயலாளர் ஒருமுறை எழுதியிருந்தார். நியாயம்தான். மூடுபனியைப் பற்றி எத்தனை மாதம் எழுதுவது?

கடிதம் எழுதுவது என் வேலை. என் கணவர் கையெழுத்து மருந்துக்கடைக்காரர்களுக்கு மட்டுமே விளங்கும்.

அந்த வியாழக்கிழமை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. சூட்டுக்கு இதமாக இருக்கும் என்று தரையில் கிடந்தார்.

"இந்த மாசம் யாரைப் பத்தி எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"யாரும் வரலைன்னு எழுதிடு."

"அப்படி எழுதினா..."

"எழுதினா கூப்பிட்டுக்குவாங்க. போயிடலாம்மா. மூணு வருஷமா நான் பேசினதெல்லாம் இந்தப் பனியிலேயே கரைஞ்சு போச்சு."

சுவரைப் பார்த்தபடி சொன்னார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் சுவரோடு பேசி நான் கேட்டதில்லை.

என் கதை அவருக்குத் தெரியாது. நான் ஜெபிப்பதை விட்டு ஆறேழு மாதமாகியிருந்தது. கண்ணை மூடினால் கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல்தான் ஓடும். வீட்டில் இரண்டு பேரில் ஒருவராவது நம்பிக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த ஒருவரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்?

எழுதினேன். கீழே சலவைக்கூடத்தில் ஒரு பெண். வயது முப்பத்தெட்டு. விபத்தில் வலது கை மடங்கிவிட்டது, ஐந்து விரலும் திறக்காது. ஒற்றைக் கையால் விரிப்பு மடிக்கிறாள். எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்டாள். தினமும் நாலு மணிக்கு, அவள் ஓய்வு நேரத்தில், சேர்ந்து ஜெபிக்கிறோம்.

"என்ன எழுதின?" என்றார்.

வாசித்துக் காட்டினேன்.

அவர் திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு, முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க வலியில இருந்தீங்க."

"நான் அவளைப் பாக்கலாமா?"

"ஆம்பளைங்கன்னா கூச்சப்படுவா. கொஞ்ச நாள் போகட்டும்."

அவ்வளவுதான். திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிட்டது. அன்று சாயங்காலம் அவரே எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், எங்கள் இருவருக்கும் டீ போட்டார்.

ஊர்ச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். ஆள் குள்ளம், குரல் நெட்டை. என் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே நாற்பத்திரண்டு பெண்களைத் திரட்டி, புதன்கிழமைதோறும் காலை உபவாசம் வைத்துவிட்டார், என் சலவைக்காரிக்காக. பதிலில் ஒரே கேள்வி: "விரல் எப்படி இருக்கிறது?"

நாற்பத்திரண்டு பேர் பட்டினி கிடக்கும்போது விரல் அசையாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா? மூன்றாம் மாதம் சுண்டு விரலைத் திறந்தேன். ஆறாம் மாதம் அடுத்தது. அவசரப்படவில்லை. இருப்பதே ஐந்து. அதுவும் தீர்ந்துபோனால் என்ன செய்வது?

ஒரு வரியாவது மெய்யாக இருக்கட்டும் என்று, நாலு மணிக்கு மட்டும் தவறாமல் உட்கார்ந்தேன். ஜன்னலோரத் தரையில், கண்ணை மூடி, இல்லாத ஒருத்திக்காக ஜெபித்தேன். முதலில் அது நடிப்புத்தான். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கீழே ஈர விரிப்புகள் இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் போகும். பலகை இடுக்கு வழியாக ஆவி மேலே வரும். வெளியே மூடுபனி, உள்ளே ஆவி, நடுவில் கண்ணாடி வெளுத்துக் கிடக்கும். எது தெரு, எது வீடு, நான் விழித்திருக்கிறேனா என்று எதுவும் நிச்சயமில்லாமல் போகும். அப்போது அவள் வருவாள். ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறி வந்து என் எதிரே உட்காருவாள். முகம் ஒருநாளும் தெளிவாகத் தெரிந்ததில்லை. காதோரம் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருக்கும், அதுமட்டும் தெரியும். மடங்கிய கை மடியில் கிடக்கும். அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

"மாடியம்மா, இன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்பாள்.

மாடியில் இருப்பதால் சலவைக்கூடத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவளும் அப்படியே.

நான் சொல்வேன். காலையில் பனிக்குள் ஒரு கப்பல் சங்கு ஊதியது, எங்கிருந்தோ இன்னொன்று பதில் ஊதியது. வழியில் சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு பேர் மறுபடி பேசுவது போல இருந்தது. ரொட்டிக்கடைக்காரர், எனக்கு ஓரத்துண்டுதான் பிடிக்கும் என்று கேட்காமலே எடுத்து வைத்திருந்தார். படியில் ஒரு கூடை விரிப்பு இறக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்ததைத் தொட்டேன், தூங்கியெழுந்த குழந்தையின் கன்னம் போல இருந்தது. பகல் பதினொரு மணிக்குப் பனி விலகி ஏழே நிமிடம் துறைமுகம் தெரிந்தது. கிரேன் உச்சியில் ஒரு சிவப்புக் கூண்டு, அதற்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவாள். ஆரஞ்சுக்குச் சிரித்தாள். கண் விழிக்கும்போது மணி நாலரை. கன்னத்தில் பலகையின் கோடு பதிந்திருக்கும்.

இதையெல்லாம் மாதக் கடைசியில் கடிதத்தில் எழுதினேன். "நம் சகோதரி இந்த மாதம் இவற்றுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்" என்று அவள் தலையில் கட்டினேன். என் பெயரில் எழுதத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் நன்றி சொல்ல ஒன்றும் இல்லையே!

பத்தாம் மாதம். மூன்று விரல்கள் திறந்திருந்த நிலையில், நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது.

"வருகிற சனிக்கிழமை நேரில் வருகிறேன். அந்தப் பெண்ணை என் கண்ணால் பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை கொண்டுவருகிறேன். கூச்சப்படுவாள் என்று சாக்குச் சொல்லாதே. நான் ஆம்பளை இல்லை."

என் கணவர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஊழியத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கும் படிவம்.

"அக்கா முன்னாடி கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். அந்த ஒரு பொம்பளை போதும்மா எனக்கு. இன்னும் அஞ்சு வருஷம் எட்டு நாற்காலிகிட்டப் பேசச் சொன்னாலும் பேசுவேன்."

நான் ரொட்டி அறுப்பது போல பாவனை செய்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கீழே இறங்கினேன்.

ஏறக்குறைய நாலு வருடத்தில் அந்தக் கூடத்துக்குள் நான் நாலைந்து தடவைதான் போயிருப்பேன், அதுவும் தண்ணீர்க் குழாய் பழுதென்று சொல்ல. உள்ளே எல்லாம் வெள்ளை. கயிறு கயிறாக விரிப்புகள். நடுவில் நடந்தால் மேகத்துக்குள் தடவித் தடவிப் போவது போல. ஒரு விரிப்பை விலக்கினால் இன்னொன்று. கடைசி விரிப்பை விலக்கியபோது முதலாளியம்மா முக்காலியில் உட்கார்ந்து தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூட்டு உருளை. அதன் முன்னால் மிக உயரமான ஒரு பெண், விரிப்பை இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவது இவளைத்தான் போலிருக்கிறது.

"மறுபடியும் குழாயா?" என்றார் முதலாளியம்மா.

"குழாய் இல்லைங்க. ஒரு உதவி. நாளைக்கு ஒரு மணி நேரம் உங்க ஆள் ஒருத்தர் வேணும்."

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதே சுட்டது. முதலாளியம்மா உறை எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"இருங்க, இருங்க. எங்கிட்ட வேலை செய்யற ஒருத்தி, ஆனா எங்கிட்ட வேலை செய்யலை?"

"ஆமாங்க."

"நெஜமான ஆளுங்களே எனக்குப் பத்தலை. மாடியில உக்காந்துக்கிட்டு நீங்க ஒருத்தியைச் சேத்திருக்கீங்க! லீவாவது கேக்காம வர்றாளா?"

"ஒரு நாள்கூடத் தவறலை" என்றேன். அது உண்மை.

"எந்தக் கை?"

"வலது."

"எத்தனை விரல் தொறந்திருக்கு?"

"மூணு."

"மீதி ரெண்டும் எப்போ?"

"இன்னும் எழுதலைங்க."

முதலாளியம்மா முக்காலியில் ஆடி ஆடிச் சிரித்தார். "ஏய் நெட்டை! கேட்டியா? ஒனக்குத்தான் இந்த வேஷம் பொருந்தும். கையை மடக்கிக்கிட்டு மூணு விரலை நீட்டு பாப்போம்."

நெட்டை சிரிக்கவில்லை. உருளையை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும் கூடம் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"தினமும் நாலு மணிக்கு அவளுக்காக ஜெபிச்சீங்களா, மாடியம்மா?"

"ஆமா."

"பத்து மாசமா? இல்லாதவளுக்கா?"

"ஆமா."

"நான் இங்க நிக்கிறேன். இந்த எடத்துல. நாலு வருஷமா." அவள் அண்ணாந்து பார்த்தாள். "உங்க ஜன்னல் நேரா எனக்கு மேலதான். நீங்க உக்காந்தா பலகை ஒரு தடவை முனகும். எந்திரிச்சா ரெண்டு தடவை. நாலு மணிக்கு உக்காருவீங்க, நாலரைக்கு எந்திரிப்பீங்க. அம்மா தூங்கறாங்கன்னு நெனைச்சு நான் கூடையைக்கூட மெதுவா வெப்பேன்."

நானும் அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்த்தேன்.

"எனக்காக எத்தனை நாள் ஜெபிச்சீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. விரிப்பு எத்தனை என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஒரு நாளும் இல்லை" என்றேன்.

"சரி விடுங்க. நாளைக்கு வர்றேன். கையை மடக்கிக்கிட்டு நிக்கிறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு செய்ங்க. படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. மாசக்கணக்கா. டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார். அவளுக்குச் சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

அவள் என் உயரத்துக்குக் குனிந்தாள். தலையில் கை வைத்தேன். ஆவியில் நனைந்த முடி. கண்ணை மூடினேன். பத்து மாதமாக ஒரு நிழலுக்கு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. நாளைக்கு இவளைப் பொய் சொல்ல வைக்கப்போகிறவள், இன்று இவள் தலையில் கை வைத்துக்கொண்டு யாரை என்ன கேட்பது?

கையை எடுத்தேன்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்மா. எனக்கு மேல ஒரு வேலை பாக்கி இருக்கு. முடிச்சுட்டு உங்கிட்ட வர்றேன்."

"என்ன, வேஷம் ரத்தா?" என்றார் முதலாளியம்மா, ஏமாற்றத்தோடு.

என் கணவர் ஐந்து மணிக்கு வந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, நான்தான் எழுதினேன்.

அவர் கோட்டின் ஒரு கையை மட்டும் கழற்றிய நிலையில் நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நகல் வெச்சிருக்கியா?" என்றார்.

பத்துக் கடிதங்களின் நகலையும் கொடுத்தேன். தரையில் வரிசையாகப் பரப்பினார். பென்சில் எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி திருத்த ஆரம்பித்தார். சுண்டு விரலை அடித்தார். அடுத்த விரலை அடித்தார். முப்பத்தெட்டை அடித்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது.

"இந்தக் கப்பல் சங்கு. இது பொய்யா?"

"இல்லைங்க. நான் கேட்டது."

"கூடையில சூடா இருந்த விரிப்பு?"

"தொட்டேன்."

"கிரேன்ல ஒருத்தர் ஆரஞ்சு உரிச்சாரா?"

"ஆமா. தோலைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். கீழ போடலை."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பத்துத் தாள்களிலும் அடிக்காமல் மிச்சம் நின்ற வரிகள் நிறைய இருந்தன. நானே எதிர்பார்க்காத அளவு நிறைய.

"விரலும் பொம்பளையும்தான் பொய். மத்ததெல்லாம் நீ பாத்தது."

"அந்தப் பொய் போதாதா?"

"போதும். தாராளமாப் போதும்." அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஒரே வீட்டுல இருக்கோம். நான் பனின்னு பொலம்பிக்கிட்டிருந்தேன், நீ அதே பனியில இவ்வளவு பாத்திருக்க. ஒண்ணுகூட எங்கிட்ட சொல்லலையேம்மா. இல்லாதவகிட்டச் சொல்லியிருக்க."

கீழே நெட்டைக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்பதை அவரிடம் சொன்னேன். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பலகை ஒரு தடவை முனகியது. கீழே யாரோ கூடையை மெதுவாக வைத்தார்கள். நாலு மணி எப்போதோ கடந்திருந்தது. அன்று என் சலவைக்காரி வரவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாத்தனார் வந்து இறங்கினார். ஒரு பெட்டி, ஒரு பை, துணியில் சுற்றிய வாழ்த்து அட்டை.

"எங்க அவ?"

"உக்காருங்க அண்ணி. முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி எங்க ஓடிப்போகுது? அவளைப் பாத்துட்டுக் குடிக்கிறேன்."

"அப்படின்னா நீங்க குடிக்கவே முடியாது அண்ணி. அவ இல்லை."

"வேலைக்கு வரலையா?"

"பொறக்கவே இல்லை."

சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே பெரிய விஷயம். முடித்ததும் ஆரம்பித்தார்.

"நாப்பத்திரண்டு பேர்! புதன்கிழமையானா காலையில பச்சைத் தண்ணி பல்லுல படாம! அதுல ஆறு பேர் சர்க்கரை வியாதிக்காரங்க. டாக்டர் திட்டத் திட்ட வந்து உக்காந்தாங்க. எதுக்கு? இவ மேஜையில செஞ்ச கைக்கு! நான் மேடையில ஏறி நின்னு, இதோ, இந்த மாதிரி மூணு விரலைக் காட்டினேன். சபையே அல்லேலூயா சொல்லிச்சு!"

காட்டிய மூன்று விரலையும் அவரே ஒருமுறை பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். எட்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்தார்.

"தம்பி, உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்துதான் அக்கா."

"தெரிஞ்சும் சாப்பிட்டியா?"

"இல்லை."

"நல்லது." என் பக்கம் திரும்பினார். "நடந்ததை எழுதித் தா. ஒரு வரி பூசி மெழுகக் கூடாது. நானே கொண்டுபோய் நானே வாசிக்கிறேன். மூணு விரலைக் காட்டினவ நான்தானே. அவங்க உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி. கூப்பிட்டா வர்றோம்."

அப்போது அவர் அந்தப் படிவத்தை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். ஐந்து வருடம் என்ற இடத்தை அடித்து, ஒரு வருடம் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்தும் இருந்தது, மருந்துக்கடைக்காரர் பாஷையில்.

நான் அதைப் பார்த்தது அப்போதுதான்.

"சபை வேண்டாம்னா வந்துடறோம் அக்கா. வேணும்னு சொன்னா இன்னும் ஒரு வருஷம் இருக்கோம்."

"எதுக்குடா? அந்த ஒருத்தியும் இல்லைன்னு ஆயிடுச்சு. யாருக்காக இருக்கப் போற?"

"கீழ ஒரு பொம்பளை மாசக்கணக்காத் தூங்கலையாம். நாலு வருஷமா அவ தலைக்கு மேலயே நடந்துக்கிட்டிருக்கேன். எனக்கு நேத்துதான் தெரியும்."

நாத்தனார் அட்டையைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தார், மறுபடி முடிந்தார். சற்று நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளையாவது இருக்காளா? இல்லை அதுவும்..."

"இருக்கா அண்ணி. ஆறடி."

"காட்டு."

மூன்று பேரும் கீழே இறங்கினோம். விரிப்புகளுக்குள் நாத்தனார் முழுசாக மறைந்துபோனார். குரல் மட்டும் வழி கேட்டுக்கொண்டே வந்தது. கடைசி விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, நெட்டையை அடி முதல் முடி வரை அண்ணாந்து பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து விரலும் சூட்டில் சிவந்து, நன்றாக விரிந்துதான் இருந்தன.

"தூக்கம் வரலையாம்மா உனக்கு?"

"வரலைங்க."

நாத்தனார் என்னை முன்னால் தள்ளினார். "நீயே பண்ணு. எனக்கு இப்போ உன் மேல இருக்கிற கோவத்துல வாயில ஜெபம் வராது."

நெட்டை குனிந்தாள். கை வைத்தேன். உருளையிலிருந்து வந்த ஆவி எங்கள் நாலு பேரையும் மூடியது. முதலாளியம்மா உறை எண்ணுவதை நிறுத்தியது கேட்டது. எனக்கு அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. தேடவும் இல்லை.

"ஆண்டவரே, இவளுக்குத் தூக்கம் வரலை. எனக்கு இது தெரியாமப் போச்சு. இப்போ தெரியும். இவளைத் தூங்க வையுங்க. ஆமென்."

கண்ணைத் திறந்தேன். நெஞ்சில் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது போல இருந்தது. பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை. கேட்கிற இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும், பக்கத்து அறையில் ஆள் இருப்பது தெரிவது போலத் தெரிந்தது.

நெட்டை நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சின்னதா இருக்கே."

"நாளைக்கும் வர்றேன்."

"நாளைக்கு எனக்கு லீவு."

"அப்போ திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் துணி வரும். பேச நேரம் இருக்காது" என்றாள். உருளையை ஓட்டிவிட்டு, வெளியே வந்த விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள். "சும்மா நிக்காதீங்க. பிடிங்க. பின்னாடி போங்க. இன்னும். இன்னும்."

நான் பின்னால் போனேன். சூடான வெள்ளைத் துணி எங்களுக்கு நடுவே நீண்டுகொண்டே போனது. அந்தக் கோடியில் அவள் முகம் ஆவியில் மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.

"இப்போ எங்கிட்ட வாங்க" என்றாள்.